மூட மறுக்கும் புதுக் கையுறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். எங்கள் 8 வயது மகன் இந்த வசந்தத்தில் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் அணி ஒன்றில் சேருகிறான். நானும் என் கணவரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். பேஸ்பால் எங்களுக்குப் புதிது. நல்லதாக இருக்கட்டும் என்று 11 அங்குல அளவில் தோல் கையுறை வாங்கினோம். அது விறைத்து நிற்கிறது. அவனால் அதை மூடவே முடியவில்லை, பந்து பட்டுத் தெறித்துவிடுகிறது. ஓவன் அடுப்பில் சூடாக்குங்கள் என்கிறார் ஒருவர், எண்ணெயில் ஊற வையுங்கள் என்கிறார் இன்னொருவர். என் கணவரோ மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டார். பயிற்சி தொடங்க 3 வாரங்களே உள்ளன. என்ன செய்வது?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முதலில் அதை மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். உள்ளே பந்து இல்லாமல் அழுத்தி வைத்தால் கையுறை தட்டையாக மடியுமே தவிர, பந்து வந்து உட்காருவதற்கான குழி அதில் உருவாகாது. ஓவன், மைக்ரோவேவ் இரண்டும் கூடவே கூடாது. சூடு தோலின் ஈரப்பசையை உறிஞ்சி, அதைச் சுருங்கவும் வெடிக்கவும் செய்யும். விரல்களை இணைத்துக் கட்டியிருக்கும் தோல்வார்கள்தான் முதலில் அறும். கையுறையில் தோல்வார் நுழையும் உலோகத் துளைவளையங்கள் இருந்தால் மைக்ரோவேவில் தீப்பொறி பறக்கும் ஆபத்தும் உண்டு.

தோல் என்பது நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளின் தொகுதி. மடித்து விரிக்க விரிக்க அந்த இழைகள் ஒன்றன்மீது ஒன்று நழுவப் பழகி, மடிந்த இடத்தில் தோல் இளகுகிறது. ஆகவே கையுறையைப் பழக்கும் வேலையில் பெரும்பகுதி மடிப்பதும் பந்து பிடிப்பதும்தான். எண்ணெய்க்கு அதில் சிறு துணைப் பங்கே உண்டு. கையுறைக்கென்றே விற்கும், தோலை மென்மையாக்கும் பூச்சான கண்டிஷனரில் ஒரு நாணயத்தின் அளவு எடுத்து, துணியில் தொட்டு, உள்ளங்கைப் பகுதியிலும் மடிப்பு விழும் இடங்களிலும் மெல்லத் தேய்த்து, ஓர் இரவு உலரவிட்டால் போதும். ஊற வைத்தால் தோல் எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போகும், தோல்வார்கள் தளர்ந்து நீளும், கையுறை தொளதொளத்துவிடும். ஏறிய எண்ணெயை வெளியே எடுக்க வழியில்லை.

மடிக்க வேண்டிய இடம் மணிக்கட்டை ஒட்டிய கனத்த அடிப்பகுதி. உங்கள் மகன் வலக்கையால் எறிபவன் என்றால் கையுறை இடக்கைக்குரியது. அவன் அதை மாட்டிக்கொள்ளட்டும். நீங்கள் வெளியிலிருந்து கட்டைவிரல் பக்கத்தையும் சுண்டுவிரல் பக்கத்தையும் பிடித்து, ஒன்றையொன்று நோக்கி மெதுவாக வளைத்து விடுங்கள். பிறகு கட்டைவிரலின் அடிப்பகுதியை மட்டும் முன்னும் பின்னுமாக அசைத்து இளக்குங்கள். தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் செய்யக்கூடிய வேலைதான் இது, ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டும்.

அடுத்தது குழி. பேஸ்பாலுக்குப் புதியவர்கள் உள்ளங்கையின் நடுவில் பந்தை வாங்கப் பார்ப்பார்கள். அங்கே பட்டால் கை எரியும், பந்தும் தெறிக்கும். குழி விழ வேண்டிய இடம் ஆட்காட்டி விரலின் அடியில், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே உள்ள வலைக்குச் சற்றுக் கீழே. ஆரம்பகாலக் கையுறைகளில் இந்தக் குழியே கிடையாது. அவை பஞ்சு திணித்த உறைகள்தாம். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பந்துவீச்சாளர் பில் டோக், 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவ்விரு விரல்களுக்கிடையே தோல்வார்களைப் பின்னிவிடும் யோசனையை விளையாட்டுப் பொருள்கள் செய்யும் ராலிங்ஸ் நிறுவனத்திடம் கொண்டு சென்ற பிறகே கையுறை பந்தைத் தடுக்கும் பொருள் என்ற நிலை மாறி, பந்தைப் பிடிக்கும் பொருளாயிற்று. குழி விழ வேண்டிய அந்த இடத்தில் பந்தால் ஓங்கி ஓங்கி அடிக்கலாம். புது கிரிக்கெட் மட்டையைத் தட்டிப் பழக்கும் மரச்சுத்தியல் உங்கள் வீட்டில் இருந்தால் அதுவே இதற்கும் உதவும். இரவில் குழிக்குள் ஒரு பேஸ்பாலை வைத்து, கையுறையை மூடி, அகலமான ரப்பர் பட்டையால் அதிக இறுக்கமின்றிக் கட்டி வையுங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பந்து பிடிப்பது. முதல் வாரம் டென்னிஸ் பந்து, பிறகு சிறுவர்களுக்கான மிருதுவான பந்து, அதன் பின்னரே 142 முதல் 149 கிராம் வரை எடையுள்ள உண்மையான பேஸ்பால் என்று, அருகில் நின்று தினமும் 15, 20 நிமிடம் போடுங்கள். உங்கள் கணவர் சுத்தியலால் தட்டலாம், பந்து போடலாம். ஆனால் ஆர்வத்தில் கையுறையைத் தாமே மாட்டிக்கொண்டு பழக்க வேண்டாம். பெரியவர் கை நுழைந்தால் விரலறைகள் விரிந்துவிடும், மடிப்பும் பையனுடைய கை மடியாத இடத்தில் விழும்.

கையுறையைக் கவிழ்த்துப் பிடித்தாலும் பந்து நழுவாமல் அவனால் மூடிவைத்திருக்க முடிந்தால் அது ஆட்டத்துக்குத் தயார். 3 வாரத்தில் அந்த நிலை வராவிட்டால் பிடிவாதம் வேண்டாம். அவன் வயதுக்கு 11 அங்குலம் தவறான அளவு அல்ல என்றாலும், கனத்த தோலை மூடும் வலு அந்தக் கைக்கு இன்னும் வந்திருக்காது. எளிதில் மூடக்கூடிய விலை குறைந்த கையுறை ஒன்றை இந்தப் பருவத்துக்கு வாங்கிக் கொடுங்கள். தோல் கையுறை அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். என்னைக் கேட்டால், இந்த வயதில் விலையுயர்ந்த விறைப்பான தோல் பெற்றோரின் ஆசையே ஒழிய, பிள்ளையின் தேவை அல்ல.

கேள்வி: டல்லாஸில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேரனின் பேஸ்பால் கையுறைக்கு, ஊரில் செருப்புக்குத் தடவுவதுபோல் தேங்காய் எண்ணெய் தடவலாமா?
– ஒரு தாத்தா

பதில்: வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறைந்துவிடும். குளிர்காலத்தில் கராஜில் கிடக்கும் கையுறையின் தையல்களில் அது வெள்ளையாகக் கட்டிக்கொண்டு, மண்ணையும் இழுத்துவைக்கும். கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் ஆளி விதை எண்ணெயும் கூடாது. அது காற்றுப்பட்டு உலர்ந்து இறுகும் இயல்புடையது. கடையில் கிடைக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் மாட்டின் கால் எலும்பிலிருந்து வருவது. அதை வீட்டில் வைத்துக்கொள்ள மனம் ஒப்பாதவர்களுக்கு, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கலந்த பூச்சு இருக்கிறது. மாட்டுத்தோலே வேண்டாம் என்போர் செயற்கைத் தோல் கையுறையை நாடலாம். அதற்கு எந்த எண்ணெயும் தேவையில்லை.

கேள்வி: நன்கு பழகிய அண்ணனின் பேஸ்பால் கையுறையைச் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்றதே, பந்து பெரிது) ஆடும் 10 வயது மகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: வீட்டில் பந்து பிடித்துப் பழகக் கொடுக்கலாம், ஆட்டத்துக்குப் போதாது. பேஸ்பாலின் சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம். அவள் வயதினர் ஆடும் சாஃப்ட்பாலுக்கு 11, பெரிய பெண்களுக்கு 12 அங்குலம். சிறிய பந்துக்கென விழுந்த குழியில் பெரிய பந்து பாதிதான் அமரும். புதிதாக வாங்கும்போது குழி ஆழமான சாஃப்ட்பால் கையுறையாகக் கேட்டு வாங்கி, அதே அளவுப் பந்தை வைத்தே பழக்குங்கள். மகள் இடக்கையால் எறிபவள் என்றால் அதையும் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவளுக்கு வலக்கைக்கான கையுறை வேண்டும்.