அமெரிக்காவுல ஓஹாயோ மாநிலத்துல இருக்குற ஹாக்கிங் ஹில்ஸ் மலைப்பகுதிக்கு போறப்ப, பக்கத்துல லோகன் ஊர்ல இருக்குற வாஷ்போர்ட் ஃபேக்டரிக்கும் போகலாமா? அங்க பாக்க என்ன இருக்கு?

கண்டிப்பா போங்க. குகை, அருவி எல்லாம் பாத்துட்டு நடுவுல கொஞ்ச நேரம் மிச்சம் இருக்கு, துணி துவைக்கிற பலகை செய்ற இடத்துல போய் என்னத்த பாக்குறதுன்னு கேட்டிருக்கீங்க. ஒரு மணி நேரம் இருந்தா போதும். ஆனா அந்த ஒரு மணி நேரத்த ஃபேக்டரில வேலை நடக்குற நாளா பாத்து வச்சுக்கோங்க, கடைய மட்டும் சுத்திட்டு வந்தீங்கன்னா முக்கியமான விஷயத்த விட்டுட்டு வந்ததா ஆயிடும். வாரநாளா இருந்தா நல்லது, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு இன்னைக்கு திறந்திருக்கீங்களா, மெஷின் ஓடுமா, சுத்திக் காட்டுவீங்களான்னு கேட்டுடுங்க. சின்ன இடம், ஆளுங்க கம்மி, அதனால சொல்லிட்டு போறது அவங்களுக்கும் சௌகரியம்.

இது கொலம்பஸ் வாஷ்போர்ட் கம்பெனி. 1895ல கொலம்பஸ் நகரத்துல ஃப்ரெடரிக் மார்ட்டின் டெய்லர்ங்கறவர் ஆரம்பிச்சது, நூறு வருஷத்துக்கு மேல அங்கயே ஓடிட்டு 1999ல லோகனுக்கு மாறிடுச்சு. அமெரிக்காவுல ஒரு காலத்துல எத்தனையோ கம்பெனிங்க வாஷ்போர்ட் செஞ்சுட்டு இருந்தாங்க, எல்லாம் மூடிப் போக இது ஒண்ணுதான் கடைசியா மிஞ்சி நின்னுச்சு. கொலம்பஸ்லருந்து 33ம் நம்பர் ஹைவேல தென்கிழக்கா போனா சுமார் ஒரு மணி நேரம். இடத்த தேட வேண்டியதே இல்ல, கட்டடத்து வெளிச் சுவர்ல 24 அடி உயரத்துக்கு ஒரு வாஷ்போர்ட மாட்டி வச்சிருப்பாங்க, எல்லாரும் அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க, நீங்களும் எடுங்க, எடுத்துட்டு நேரா உள்ள போங்க.

வாஷ்போர்ட நேர்ல பாக்காதவங்களுக்காக சொல்றேன். நீளமான ஒரு மரச்சட்டம், அதுக்குள்ள வரி வரியா மேடு பள்ளமா ஒரு தகடு, கீழ ரெண்டு கால், மேல சோப்பு வைக்க ஒரு சின்ன இடம், அவ்வளவுதான். தொட்டில தண்ணிய விட்டு பலகையோட கால உள்ள ஊனி, அத சாய்ச்சு வச்சுக்கிட்டு ஈரத்துணில சோப்பு போட்டு மேலருந்து கீழ தேய்க்கணும். நம்ம துவைக்கிற கல்லுல துணிய ஓங்கி அடிக்கிறோம், இதுல அடியே கிடையாது, முழுக்க தேய்ப்புதான். அந்த வரி ஒவ்வொண்ணும் துணிய லேசா வளைச்சு வளைச்சு விடுது, அழுக்கு இளகி சோப்புத் தண்ணியோட பள்ளத்து வழியா வடிஞ்சு தொட்டிக்கே போயிடுது. வரி எவ்வளவு ஆழம், எவ்வளவு நெருக்கம்ங்கறதப் பொறுத்து துவைக்கிற விதமே மாறும், இத மனசுல வச்சுக்கிட்டு ஃபேக்டரிக்குள்ள போனா அங்க ஏன் ஒவ்வொண்ணையும் அப்படி பாத்துப் பாத்து செய்றாங்கன்னு தன்னால புரிஞ்சுடும்.

உள்ள எனக்கு ரொம்பப் பிடிச்சது தகட வரியாக்குற மெஷின்தான். பல்லு வச்ச இரும்பு உருளை ரெண்டு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு சுத்துது, இந்தப் பக்கம் பளபளன்னு தட்டையா ஒரு தகட விடுறாங்க, அந்தப் பக்கம் அலை அலையா மடிஞ்சு வெளிய வருது. நீளத்துல கொஞ்சம் சுருங்கியும் வருது, ஏன்னா அந்த நீளமெல்லாம் வளைவுக்குள்ள போயிடுதே. வேலை செய்றவங்க தகட விடுறப்ப ஓரத்த உருளைக்கு நேரா வச்சு ரெண்டு பெருவிரலாலயும் தடவிப் பாத்துட்டுதான் விடுறாங்க, ஒரு நூல் கோணலா போனாலும் வரி சாய்ஞ்சுடும், அப்புறம் சட்டத்துக்குள்ள உக்காராது. கம்ப்யூட்டர் கிடையாது, பட்டன் வரிசை கிடையாது, எந்தச் சக்கரம் எதைச் சுத்துதுன்னு அங்க நின்னு கண்ணாலயே பாத்துடலாம். குழந்தைங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா இந்த இடத்துல அவசரப்படுத்தாம கொஞ்ச நேரம் நிக்க விடுங்க, ஒரு பொருள் எப்படி உருவாகுதுன்னு முதல்லருந்து கடைசி வரைக்கும் ஒரே ரூம்ல பாக்குற வாய்ப்பு இப்ப எங்க கிடைக்குது சொல்லுங்க.

அடுத்தது சட்டம். ரெண்டு பக்கக் கால்லயும் உள்பக்கமா நீளத்துக்கு காடி, அதாவது ஒரு ஒடுக்கமான பள்ளம், எடுத்திருக்காங்க, தகட்டோட ஓரம் அந்தக் காடில போய் உக்காரும். மேல ஒரு அகலப் பலகை, கீழ ஒரு குறுக்குச் சட்டம், அத சேத்துப் பிடிச்சு ஆணி அடிச்சா முடிஞ்சது. கேக்க சுலபமா இருக்கு, ஆனா பக்கத்துல நின்னு பாத்தா காடியோட அகலத்துலதான் மொத்த சூட்சுமமும் இருக்கு. தளர்ந்து போச்சுன்னா தேய்க்கிறப்ப தகடு கடகடன்னு ஆடும், ரொம்ப இறுக்கமா இருந்தா மரம் தண்ணி குடிச்சு ஊதுறப்ப சட்டமே பிளந்துக்கும். முடிஞ்ச பலகைய எடுத்து உள்ளங்கையால தகட்ட ஒரு தட்டு தட்டி சத்தத்த கேட்டுட்டு அந்தப் பக்கம் அடுக்குறாங்க, அந்தத் தட்டுலயே நல்லதா இல்லையான்னு தெரிஞ்சுடுது. கடைசில மேல் பலகைல பேரும் படமும் அச்சடிக்கிறாங்க. சின்ன சைஸ் ஒண்ணு இருக்கு, டபுள் ஹேண்டின்னு பேரு, பட்டுத்துணி, காலுறை, கைக்குட்டை மாதிரி மெல்லிசான துணிக்கு ஏத்தது, சூட்கேஸ்லயும் எடுத்துட்டுப் போகலாம்னு அது மேலயே பழைய காலத்து விளம்பரம் அச்சாகி இருக்கும். பக்கெட்டுக்குள்ள கச்சிதமா நிக்கும்.

இந்தப் பொருளோட வரலாறு கொஞ்சம் தெரிஞ்சுட்டுப் போனா இன்னும் நல்லா இருக்கும். வாஷ்போர்டுக்கு அமெரிக்காவுல முதல் பேட்டன்ட் 1833ல ஸ்டீஃபன் ரஸ்ட்ங்கறவருக்குக் கிடைச்சது, முழுக்க மரத்துலயே செஞ்சுட்டு இருந்தத மாத்தி தகடு வச்சது அதுல புதுசு. அப்புறம் நூறு வருஷத்துக்கு வீட்டுக்கு வீடு இதுதான். 1930கள் நடுவுல கூட அங்க பத்து பண்ணை வீட்டுல ஒண்ணுலதான் கரண்ட் இருந்துச்சு, 1936ல கிராமத்துக்கு மின்சாரம் கொண்டுபோற சட்டம் வந்து ஊர் ஊரா கம்பி இழுத்த அப்புறம்தான் வாஷிங் மெஷின் அந்த வீடுகளுக்குள்ள போக முடிஞ்சது. மெஷின் கண்டுபிடிச்ச உடனே பலகை செத்துப் போச்சுன்னு பலபேர் நினைக்கிறாங்க, அது தப்பு, கரண்ட் வர்ற வரைக்கும் பலகை இல்லாம குடும்பமே நடக்காது. திங்கக்கிழமைன்னா துவைக்கிற நாள்னு ஒரு முழு நாளையே ஒதுக்கி, தண்ணி சுமந்து, காய்ச்சி, ஒவ்வொரு உருப்படியா குனிஞ்சு தேய்ச்ச பொம்பளைங்களோட உழைப்பு அது. அழகான பழம்பொருள்னு சுவர்ல மாட்டுறவங்க மாட்டட்டும், ஆனா இது முதுகு ஒடியிற வேலைங்கறதயும் குழந்தைங்ககிட்ட சொல்லுங்க.

சரி, இப்ப யார் வாங்குறாங்கன்னு எல்லாருக்கும் வர்ற கேள்வி. கரண்ட் இல்லாத கேபின்ல இருக்கறவங்க, கேம்ப்பிங் போறவங்க, வீட்டு அலங்காரத்துக்கு வாங்குறவங்க. கரண்ட பெரும்பாலும் தவிர்த்து பழைய முறைல வாழுற ஆமிஷ்ங்கற கிறிஸ்தவ மக்களும்தான், ஆனா அவங்க வீட்டுலயும் பெரும்பாலும் என்ஜின் வச்சு ஓட்டுற, துணி பிழியிற உருளை வச்ச மெஷின்தான் இருக்கும், காலர், கை மடிப்புல இருக்குற விடாப்பிடி அழுக்குக்குத்தான் பலகை. ஈராக், ஆப்கானிஸ்தான் பக்கம் இருந்த அமெரிக்கச் சிப்பாய்ங்களுக்கு சின்னத் தொட்டி, பலகை, சோப்பு, கொடிக்கயிறு, கிளிப்பு எல்லாம் ஒரு செட்டா சேத்து இங்கருந்து அனுப்பி இருக்காங்க. இது எனக்கு மனசுல நின்ன விஷயம், பாலைவனத்துல சட்டைய துவைச்சுப் போட இத விட நம்பகமான சாமான் வேற எது இருக்க முடியும்.

அப்புறம் பாட்டுக்காரங்க. விரல்ல தையக்காரங்க மாட்டுற தொப்பிய மாட்டிக்கிட்டு தகட்ட கரகரன்னு கீறி தாளம் போடுவாங்க, ப்ளூஸ், ஜாடிய ஊதி வாசிக்கிற ஜக் பேண்ட், பழைய ஜாஸ் எல்லாத்துலயும் இது உண்டு. டிரம்ஸ் வாங்க காசு இல்லாதவங்க வீட்டுல இருந்தத எடுத்து வாசிச்சதுதான் ஆரம்பம். லூசியானா மாநிலத்து கறுப்பின மக்களோட ஸைடிகோ இசைல பலகைய கழுத்துல மாட்டி வாசிச்சுட்டு இருந்தாங்க, 1946ல கிளிஃப்டன் செனியர்ங்கற ஸைடிகோ பாட்டுக்காரர் சொன்ன யோசனைய வச்சு வில்லி லேண்ட்ரிங்கற உலோக வேலைக்காரர் தோள்ல மாட்டிக்கிற மாதிரி முழுத் தகட்டுலயே ஒண்ணு செஞ்சு குடுத்தார். மரமே இல்ல, நெஞ்சு முழுக்க வரி வரியா தகடு, அத பாட்டில் ஓப்பனர் வச்சு வாசிப்பாங்க. லோகன் ஊர்ல ஜூன் மாசம் வாஷ்போர்ட் மியூசிக் ஃபெஸ்டிவல்னே ஒண்ணு நடத்துவாங்க, உங்க ட்ரிப் தேதிய மாத்த முடியும்னா அத ஒட்டி வச்சுக்கோங்க, ஃபேக்டரில செய்றத பாத்துட்டு தெருவுல அத வாசிக்கிறதயும் கேக்கலாம். நீங்க போற வருஷம் நடக்குதா, என்ன தேதின்னு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

கடைக்கு வந்தா எத வாங்குறதுன்னு குழம்பும். ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசின இரும்பு), எவர்சில்வர், பித்தளை, கண்ணாடின்னு நாலு விதத்துல இருக்கும். நிஜமாவே துவைக்கப் போறீங்கன்னா எவர்சில்வர் எடுங்க, துருவும் பிடிக்காது, தேயாது. உள்ளாடை, மெல்லிசுத் துணி மட்டும்னா கண்ணாடி, வரி வழுவழுன்னு இருக்கறதால நூல் இழுக்காது. ரெண்டாம் உலகப் போர்ல உலோகத்துக்கு கட்டுப்பாடு வந்தப்ப கண்ணாடிப் பலகைங்க கைகொடுத்துச்சு. பித்தளை பாக்க ரொம்ப லட்சணம், விலையும் கூட, ஈரத்துல கறுக்கும், அடிக்கடி துடைக்க முடியும்னா மட்டும் எடுங்க. வாசிக்கறதுக்குன்னா யார் சொல்றதயும் கேக்காம அங்கயே ஒவ்வொண்ணையும் விரல் நகத்தால கீறிக் கேட்டுட்டு எடுங்க, அதுல ரகத்துக்கு ரகம் சத்தம் வேற.

வீட்டுக்கு வந்து உபயோகிச்சா ஒரே ஒரு விஷயத்த கவனிங்க, வேலை முடிஞ்சதும் தொட்டிலயே ஊற விட்டுடாதீங்க, நல்லா அலசி, துடைச்சு, காத்து படுற இடத்துல நிமித்தி வைங்க. மரம் ஊறி ஊறி காய்ஞ்சா ஆணி கழண்டு தகடு ஆட ஆரம்பிச்சுடும். கட்டிச் சோப்புதான் இதுக்கு சரி, லிக்விட் எல்லாம் பள்ளத்துல நிக்காம ஓடிடும்.

பக்கத்துலயே ஹாக்கிங் ஹில்ஸ் வெல்கம் சென்டர்கிட்ட பென்சில் சீவுற ஷார்ப்னருக்கு ஒரு குட்டி மியூசியம் இருக்கு, 3,400க்கு மேல இருக்கும், குழந்தைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், அதயும் இதயும் ஒரே காலைல முடிச்சுட்டு மத்தியானம் ஹாக்கிங் ஹில்ஸ்ல இருக்குற ஓல்ட் மேன்ஸ் கேவ் குகைக்கு போயிடலாம். ஃப்ளைட்ல திரும்பறவங்க கண்ணாடிப் பலகை வாங்கினா துணிக்கு நடுவுல சுத்தி வைங்க, இடம் இல்லன்னா சின்ன சைஸ் எவர்சில்வர் போதும், கை லக்கேஜ்லயே அடங்கிடும்.