யூடியூபில் துப்பாக்கி சேனல் நடத்துகிறவர்கள்: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவில் பழைய ராணுவ ரைஃபிள்களைச் சேகரிக்கும் நண்பரின் சேனலுக்கு நான்தான் வீடியோ எடிட் செய்கிறேன். அதனால் யூடியூபின் துப்பாக்கி விதிகளை வரிவரியாகப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி.

கேள்வி: அண்ணா, யூடியூபில் துப்பாக்கியையே காட்டக் கூடாதாமே, உண்மையா?

இல்லை தம்பி. துப்பாக்கியைக் காட்டலாம், சுடலாம், அதன் வரலாறு பேசலாம். இயான் மெக்காலம் தன் ஃபர்காட்டன் வெப்பன்ஸ் சேனலில் அரிய துப்பாக்கிகளை மேசைமேல் வைத்துப் பாகம் பாகமாகக் கழற்றி விளக்குகிறார். வருடக்கணக்காக நடக்கிறது. விதி கை வைப்பது முக்கியமாக மூன்று இடங்களில்: விற்பனை, துப்பாக்கியோ தோட்டாவோ சைலன்சரோ செய்யக் கற்றுக்கொடுப்பது, தானாகத் தொடர்ந்து சுடும்படி மாற்றக் கற்றுக்கொடுப்பது.

கேள்வி: இந்த இறுக்கம் எப்போது வந்தது?

2017 அக்டோபரில் லாஸ் வேகாஸ் படுகொலை நடந்தது. கொலையாளி வைத்திருந்த ‘பம்ப் ஸ்டாக்’கை, அதாவது ரைஃபிளை இயந்திரத் துப்பாக்கி போல வேகமாகச் சுட வைக்கும் துணைப்பாகத்தை, பொருத்தும் முறையைக் காட்டும் வீடியோக்களை யூடியூப் அந்த மாதமே தடுத்தது. 2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே விற்பனைக்கும் செய்முறைக்கும் விரிவான தடை வந்தது. அந்த ஜூனில் பிரவுனெல்ஸ் என்ற பெரிய துப்பாக்கி உதிரிபாகக் கடையின் சேனலே நீக்கப்பட்டு, சில நாளில் திரும்பி வந்தது. சின்ன சேனல்காரர்கள் அன்று பயந்ததில் நியாயம் உண்டு. பெரிய கடைக்கே அந்தக் கதி என்றால், வாரம் ஒரு வீடியோ போடுகிறவனுக்காக யார் பேசுவார்கள்?

கேள்வி: சார், நான் எதையும் விற்கவில்லை. எனக்கென்ன கவலை?

லிங்க் இருக்கிறதே ஐயா! பெரும்பாலும் ஆட்கள் வழுக்கி விழுவது அங்கேதான். துப்பாக்கி விற்கும் தளத்துக்கு டிஸ்க்ரிப்ஷனில் லிங்க் வைக்கக் கூடாது. விற்காமல் விமர்சனம் மட்டும் எழுதும் தளமென்றால் வைக்கலாம். சென்ற மாதம் ஈஷாப்பூர் லீ என்ஃபீல்டு பற்றி ஒரு வீடியோ முடித்தேன். மேற்கு வங்கத்தில் ஈஷாப்பூர் தொழிற்சாலை செய்த ரைஃபிள், நம் ஊர்க் காவலர் தோளில் பார்த்த ‘303’-இன் தம்பி. வீடியோவில் ஒரு குறையும் இல்லை. டிஸ்க்ரிப்ஷனின் கடைசி வரியில் நண்பர் அதை வாங்கிய ஏலக் கடையின் முகவரி கிடந்தது. ஏற்றுவதற்கு முன் அதை அழித்தேன். அந்த ஒரு வரி போதும், ஸ்ட்ரைக் விழ, அதாவது விதியை மீறியதற்கு யூடியூப் சேனல்மேல் குறிக்கும் தண்டனை. முதல் தடவை பொதுவாக எச்சரிக்கை. அதன் பிறகு 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

கேள்வி: லைவ் போடலாமா?

கையில் துப்பாக்கியோடு வேண்டாம். சுடாமல் சும்மா பிடித்திருந்தாலும் விதிமீறல்தான். வீடியோ கேமில் வரும் துப்பாக்கிக்கு இது பொருந்தாது.

கேள்வி: 18 வயதுக் கட்டுப்பாடு அநியாயம் இல்லையா?

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். 2024 ஜூன் 18 முதல், வீட்டிலேயே செய்த துப்பாக்கியையும் தானியங்கி ஆயுதத்தையும் சுடும் காட்சிகள் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும். பாதுகாப்புப் பாகத்தைக் கழற்றும் வழி காட்டினால் வீடியோ முழுக்கத் தடை. ஒன்பது வயதுப் பையன் கேம் வீடியோ பார்த்துக்கொண்டே வந்து, துப்பாக்கி செய்யும் வீடியோவில் போய் நிற்கக் கூடாது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய 1918-ஆம் ஆண்டு இயந்திரத் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டும் வரலாற்று வீடியோவும் அதே வேலிக்குள் மாட்டுகிறது. வயதுக் கட்டுப்பாடு விழுந்தால் லாகின் செய்யாதவர் பார்க்க முடியாது, மற்றத் தளங்களில் பதித்துக் காட்டவும் முடியாது, விளம்பரக் காசும் பெரும்பாலும் போச்சு. செய்திக்கும் போர்முனைக் காட்சிக்கும் தருகிற விலக்கை வரலாற்றுக்கும் தெளிவாக எழுதிக் கொடுத்தால் என்ன?

கேள்வி: அமெரிக்காவில் பேச்சுரிமை இருக்கிறதே, வழக்குப் போடலாமே?

ஜெயிப்பது கடினம். அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். பிரேகர் யூனிவர்சிட்டி என்ற வீடியோ நிறுவனம் (பெயரில்தான் யூனிவர்சிட்டி) தொடுத்த வழக்கில், யூடியூப் தனியார் தளம், அரசு அல்ல என்று ஒன்பதாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. அது துப்பாக்கி வழக்கு இல்லை, ஆனாலும் இதற்கும் அதுதான் பதில்.

கேள்வி: அப்படியென்றால் புதிதாகத் தொடங்குகிற நான் என்ன செய்ய?

விளம்பர வருமானத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பார்ப்பவர்கள் மாதாமாதம் நேரடியாகக் காசு தருகிற பேட்ரியான் மாதிரி ஒரு வழியை முதல் நாளிலேயே திறந்து வையுங்கள். எடுத்த ஒவ்வொரு வீடியோவின் மூலப் பிரதியும் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும், இரண்டு பிரதியாக.