படகைத் தூங்கப் போடும் காலம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதன்முதலாகப் படகு வாங்கியவர்கள் எழுதியவை. கோடை முழுக்க ஓட்டி மகிழ்ந்துவிட்டு, ஏரி உறையப் போகிறது என்றதும் பேனாவை எடுத்திருக்கிறார்கள். தவறில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

கேள்வி: பதினாறு அடிப் படகு, பின்புறம் வெளியே மாட்டிய 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம் (அவுட்போர்டு). குளிர்காலத்துக்கு மூடி வைக்கும் வேலையை நானே செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், இயந்திரத்தோடு வந்த கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவுட்போர்டு வைத்திருப்பவர் கொடுத்து வைத்தவர். இயந்திரத்தைச் செங்குத்தாக இறக்கிவிட்டால் உள்ளே ஓடிய தண்ணீர் தானாகவே வடிந்துவிடும்.

பெட்ரோலில் தொடங்குங்கள். டேங்கில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் மருந்தை, புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி ஊற்றுங்கள். அப்புறம் காது மூடி போல இருக்கும் அந்த இரண்டு ரப்பர் கிண்ணங்களை, இயந்திரம் தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் மாட்டி, அவற்றோடு இணைத்த தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அதன் பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. தண்ணீர் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் வெறும் ரப்பர்தான். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். ஆக்ஸிலரேட்டரை முறுக்க வேண்டாம். மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டர் வரை போய்ச் சேர அவ்வளவு நேரம் வேண்டும். அதுவரை சும்மா நிற்காமல், பக்கவாட்டில் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரையைப் பாருங்கள். தாரை பலமாக வந்தால் பம்பு நலம். சொட்டினால், முதலில் அந்தத் துளையை ஒரு தூண்டில் நரம்பு விட்டுக் குத்திப் பாருங்கள். பாதி நேரம் உள்ளே பூச்சிக்கூடுதான் இருக்கும். அடைப்பு இல்லையென்றால் இம்பெல்லரை மாற்றும் காலம் வந்துவிட்டது. எப்படியும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள்தான்.

நிறுத்தியதும் சூடு ஆறுவதற்குள் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். "வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாமே" என்று பலர் கேட்கிறார்கள். பழைய ஆயிலில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். மாதக்கணக்கில் அது பேரிங்குகளின் மேல் ஊறிக் கிடப்பது நல்லதில்லை. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஃபாகிங் ஆயில் எனப்படும் துருத்தடுப்பு ஸ்பிரேயை ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் அடித்து, இயந்திரம் ஸ்டார்ட் ஆகாதபடி கில் சுவிட்ச் (அவசரமாக அணைக்கும் சுவிட்ச்) கயிற்றை எடுத்துவிட்டு, இரண்டொரு சுற்று சுற்றவிட்டு, பிளக்குகளைத் திரும்பப் போடுங்கள். சில புதிய இயந்திரங்களுக்கு இதில் வேறு முறை உண்டு. அங்கே நான் சொல்வதை விட்டுவிட்டுக் கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

ப்ரொப்பெல்லரைக் கழற்றாமல் விடாதீர்கள். புதியவர்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான். அதற்குப் பின்னால் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தலைமுடி சுற்றிய சீப்பு போல இறுகி, ஆயில் கசியாமல் தடுக்கும் 'சீல்' என்ற ரப்பர் வளையத்தை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டிருக்கும். அதை வெட்டி எடுத்து, தண்டில் கிரீஸ் தடவி, புது காட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் ஊசி) போட்டு மாட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்ததும் அவுட்போர்டைத் தூக்கி மடக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ப்ரொப்பெல்லர் நடுவில் உள்ள புகைபோக்கித் துளை வானத்தைப் பார்த்து நிற்கும். மழையும் பனியும் அதில் இறங்கி உறைந்தால் இத்தனை பாடும் வீண். இறக்கியே வையுங்கள்.

கேள்வி: என் படகில் இயந்திரம் உள்ளே இருக்கிறது, பின்னால் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. வடிகால்களைத் திறந்துவிட்டால் போதுமா, ஆன்டிஃப்ரீஸும் (எளிதில் உறையாத திரவம்) ஊற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் கேள்விக்கு என் பையிலிருந்து பணம் கட்டிப் பதில் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. உங்களுடையது போன்ற என் முதல் ஸ்டெர்ன்டிரைவ் படகில், இயந்திரத்தின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கின் இரு பக்கத்து வடிகால் பிளக்குகளையும் கழற்றினேன். இடது பக்கம் குபுகுபுவென்று கொட்டியது. வலது பக்கம் நாலு சொட்டு. 'சரி, அந்தப் பக்கம் காலி' என்று நினைத்து மூடிவிட்டு, திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். காலியெல்லாம் இல்லை. துருச் செதிலும் மணலும் சேர்ந்து துளையை உள்ளிருந்து அடைத்திருந்தன. வசந்தத்தில் குழாய்த் தண்ணீர் கொடுத்து ஸ்டார்ட் செய்தபோது பிளாக்கின் பக்கத்தில் பென்சிலால் கோடு இழுத்தது போல ஒன்று தெரிந்தது. துடைத்தேன். மறுபடி வியர்த்தது. ஒரு சாணுக்கு மேல் விரிசல். அந்த பிளாக் அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து முனை வளைத்த ஒரு கம்பித் துண்டைப் படகுச் சாவியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பிளக்கைக் கழற்றியதும் துளையில் கம்பியை விட்டுக் குடைய வேண்டும். தண்ணீர் பாய்ந்து, தணிந்து, நிற்கும் வரை. பிளாக்கில் இரண்டு பக்கம், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள், தண்ணீர் பம்பு, வளைந்து தொங்கும் ரப்பர் குழாய்களின் அடிப்பகுதி என்று இடங்கள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். உங்களுடையதில் எத்தனை என்று கையேட்டில் எண்ணி, அந்த எண்ணை இயந்திர மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள். கழற்றிய பிளக்குகளை ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணினால் கணக்குச் சரியாக வர வேண்டும்.

ஆன்டிஃப்ரீஸ் அதற்கு அடுத்த வேலை. அதற்குப் பதில் அல்ல. வாளியில் ஊற்றி இயந்திரத்தை உறிஞ்சவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இயந்திரம் குளிர்ந்திருந்தால், சூடானால் மட்டும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டிருக்கும். மருந்து பிளாக்குக்குள் போகாமலே பின்வழியாக வெளியே ஓடிவிடும். உங்கள் காலடியில் இளஞ்சிவப்புத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று நினைப்பீர்கள். உள்ளே பழைய தண்ணீர் இருந்தாலும் அதோடு கலந்து நீர்த்துப்போகும். ஆகவே முதலில் வடியுங்கள், பிறகு நிரப்புங்கள். புரொப்பிலீன் கிளைகால் வகைதான் வாங்க வேண்டும். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம். வசந்தத்தில் அது நேராக மீன்கள் இருக்கும் தண்ணீருக்குத்தான் போகும். புட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் மைனஸ் கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அது குழாய் வெடிக்காமல் தாங்கும் அளவு. அதற்கு வெகு முன்பே மருந்து கூழாகத் தொடங்கிவிடும்.

கேள்வி: இயந்திரத்தின் காலில் உள்ள கியர் ஆயிலை வடித்தேன். பால் கலந்ததுபோல வெளுப்பாக வந்தது. புது ஆயில் ஊற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வந்த வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. ப்ரொப்பெல்லர் தண்டின் சீலைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மேலே சொன்ன தூண்டில் நரம்பு நினைவிருக்கிறதா? அடுத்தது வடிகால் திருகுகளின் வாஷர். அழுத்தச் சோதனை வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அதுவும் உறைபனி தொடங்கும் முன். அந்தத் தண்ணீர் அடியில் தங்கி உறைந்தால் கியர் பெட்டியே பிளக்கும். இந்த ஆயிலைக் குளிர்காலத்துக்கு முன்பே வடித்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சீல் மாற்றியதும் ஆயிலைக் கைப்பம்பு வைத்துக் கீழ்த் திருகின் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழியும் வரை அழுத்துங்கள். முதலில் மேல் திருகைப் போடுங்கள், பிறகு பம்பை எடுத்துவிட்டுக் கீழ்த் திருகு. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். கீழ்த் திருகின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும்படி இரும்புத் துணுக்கு இருந்தால், அது பல்சக்கரத்தின் பல்.

கேள்வி: பெட்ரோல் டேங்கைக் காலி செய்வதா, நிரப்புவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: கழற்றி எடுக்கக்கூடிய சின்ன டேங்க் என்றால் காலி செய்து, அந்தப் பெட்ரோலைக் காரில் ஊற்றிவிடுங்கள். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு ஆயில் கலந்த பெட்ரோலாக இருந்தால் வேண்டாம். படகோடு பதிந்த டேங்கை முழுசாகக் காலி செய்வது கடினம், ஆபத்தும்கூட. அதனால் ஏறக்குறைய நிரப்பி, பெருக்க இடம் விட்டு, ஸ்டெபிலைசர் கலந்து வைப்பது என் பழக்கம். பாதி டேங்கில் பாதி காற்று. அந்தக் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் டேங்கின் சுவரில் வியர்வையாக இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தைக் கொஞ்ச காலம் தாங்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரிந்துவிடும். இயந்திரம் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். ஸ்டெபிலைசர் புதுப் பெட்ரோலைத்தான் காக்கும், கெட்டுப்போனதை உயிர்ப்பிக்காது.

கேள்வி: பேட்டரியை வீட்டுக்குள் எடுத்துவர வேண்டுமா?

பதில்: எடுத்துவந்தால் நல்லது. முழு சார்ஜ் உள்ள லெட்-ஆசிட் பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும்; சார்ஜ் இறங்கியது பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து வெடிக்கும். கழற்றும்போது மைனஸ் வயர் முதலில். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பின்பக்கத்து வெள்ளை உலோகத் துண்டு ஒரே கோடையில் பாதியாக அரித்துவிட்டது. விற்றவரிடம் சண்டை போடலாமா?

பதில்: வேண்டாம். அது அரிக்கப்படுவதற்காகவே வைத்த அனோடு. தான் கரைந்து உங்கள் இயந்திரத்தின் காலைக் காப்பாற்றியிருக்கிறது. பாதி தேய்ந்தால் மாற்றுங்கள். உப்புத் தண்ணீருக்கு துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மக்னீசியம் அல்லது அலுமினியம். அதன் மேல் பெயின்ட் அடிக்கக்கூடாது.

கேள்வி: பிளாஸ்டிக் விரிப்பால் காற்றுப் புகாமல் சுற்றி வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. உள்ளே பூஞ்சை பிடிக்கும். நடுவில் கம்பு நட்டுக் கூரை போலச் சரிவாக நிறுத்தி, இரு முனையிலும் காற்று போக வழி விடுங்கள். தொய்வாக விட்டால் பனி தேங்கி, அதன் எடையே விரிப்பைக் கிழிக்கும். அந்தக் காற்று வழியிலேயே எலியும் வரும். இயந்திரத்தின் புகைத்துளையில் இரும்பு நார் சுருட்டி அடையுங்கள். அடைத்ததை ஒரு சீட்டில் எழுதிச் சாவியில் கட்டிவிடுங்கள், வசந்தத்தில் மறந்துபோவீர்கள்.

கேள்வி: போன வசந்தத்தில் ஸ்டார்ட் செய்ததும் வெண்புகை மண்டியது. பயந்து நிறுத்திவிட்டேன். இந்த முறையும் அப்படி ஆனால்?

பதில்: நீங்கள் அடித்த ஃபாகிங் ஆயில்தான் எரிகிறது. சில நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். இயந்திரம் உள்ளே இருக்கும் படகானால், சாவியைத் திருப்பும் முன் உள்ளே தேங்கிய ஆவியை வெளியேற்றும் விசிறியை (புளோயர்) நான்கு நிமிடமாவது ஓடவிடுங்கள், மூக்கையும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும்.

புகையைப் பார்க்கும் முன் இன்னொன்றைப் பாருங்கள். படகின் பின்பக்க அடியில் தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் ட்ரெய்ன் பிளக். குளிர்காலம் முழுக்க அதைக் கழற்றித்தான் வைக்க வேண்டும், முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே விழும் மழை வெளியே போகும். நான் ஒரு வருடம் அதை பத்திரமாக, மிகவும் பத்திரமாக ஓர் இடத்தில் வைத்தேன். வசந்தத்தில் படகை இறக்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் படகுக்காரரோடு ஐந்து நிமிடம் பேசினேன். படகுக்குள் ஏறியபோது சாக்ஸ் நனைந்தது. இப்போதெல்லாம் கழற்றிய கையோடு ஸ்டியரிங்கில் கட்டிவிடுகிறேன். உங்களுடையது எங்கே இருக்கிறது?