இரண்டு கிளப்புகள் பாதியில் திவாலான 2022–23 பிரீமியர்ஷிப் ரக்பியில் (இங்கிலாந்தின் முதல் அடுக்கு லீக்), சாரசன்ஸ் வென்ற கோப்பைக்கு மதிப்பு உண்டா?

உண்டு. சாரசன்ஸ் முறையாக ஆடித்தான் அந்தக் கோப்பையை எடுத்தது. இதைச் சொல்பவன் வூஸ்டர் ரசிகன் என்பதால் நீங்கள் கொஞ்சம் தாராளமாகவே நம்பலாம். அந்த சீசனில் முதலில் கவிழ்ந்தது எங்கள் கிளப்தான்.

கேட்டவர் புள்ளிப்பட்டியலை மட்டும் எங்கேயோ பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பட்டியலில் 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டம். ஒற்றைப்படையில் அணிகள் இருப்பதால் ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவருக்கு ஓய்வு. பார்க்கிறவனுக்கு ஏதோ ஒப்பேற்றி முடித்த சீசன் மாதிரிதான் தெரியும். உண்மையில் அது 13 அணிகளோடு, ஆளுக்கு 24 ஆட்டம் என்ற கணக்கில் தொடங்கியது. எலிசபெத் மகாராணி மறைந்த அதே வாரம், 2022 செப்டம்பரில். அக்டோபர் நடுவில் இரண்டு அணிகள் இல்லை. சீசன் முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் மூன்றாவதும் போய்விட்டது. அது ஐந்தாம் இடத்தில் முடித்த லண்டன் ஐரிஷ்.

கோப்பை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சாரசன்ஸ் லீக் கட்டத்தில் முதலிடம். அரையிறுதியில் நார்தாம்ப்டனை 38–15 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னொரு அரையிறுதியில் சேல் அணி, லெஸ்டரை 21–13 என்று வென்று வந்தது. மே 27, 2023 அன்று லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் இறுதியாட்டம். முதல் பாதியில் எண்ணெய் எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் இருவர் மைதானத்துக்குள் ஓடிவந்து ஆரஞ்சுப் பொடியைத் தூவிவிட்டுப் போனார்கள். சாரசன்ஸ் பக்கம் ஓவன் ஃபாரல், சேல் பக்கம் அவருடைய சிறுவயதுத் தோழர் ஜார்ஜ் ஃபோர்டு. இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் சேல் முன்னிலையில்கூட இருந்தது. கடைசியில் 35–25. இதில் செல்லாது என்று சொல்ல என்ன இருக்கிறது? மூழ்கிய கிளப்புகளோடு ஆடியிருந்தால் சாரசன்ஸ் தோற்றிருக்கும் என்று யாராவது சொன்னால், அந்த ஆண்டு வூஸ்டரை அவர் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

என் மனத்தாங்கல் கோப்பையில் இல்லை. அழிக்கப்பட்ட ஆட்டங்களில்தான்.

வேலைக்காக வூஸ்டர் ஊருக்கு வந்து குடியேறியவன் நான். கிளப்பின் சிக்ஸ்வேஸ் மைதானம் எம்5 நெடுஞ்சாலையின் ஆறாவது சந்திப்பை ஒட்டி இருக்கிறது. வாரநாளில் அந்தப் பக்கம் போனால் லாரிச் சத்தம்தான் கேட்கும். அலுவலகத்தில் ஒருவர் இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டதுதான் இந்த ரக்பி. (நான் ஆடியவன் இல்லை. இரு அணியும் கும்பலாகத் தோளை முட்டித் தள்ளும் ஸ்க்ரம் சரிந்தால் நடுவர் ஏன் இந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார், ஏன் அந்தப் பக்கம் காட்டுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத்தான் இன்றைக்கும் கேட்பேன். பல நேரம் அவருக்கும் தெரியாது. நுணுக்கம் தெரிந்தவர்கள் கமென்டில் பாடம் எடுக்கலாம், தடையில்லை.)

ஊர் ஆட்கள் எதற்கும் பெரிதாக ஆசைப்படாதவர்கள். 1871இல் தொடங்கிய கிளப், பெரிதாகக் கோப்பை எதுவும் பார்த்ததில்லை. 2022 மே மாதம்தான் பிரீமியர்ஷிப் ரக்பி கப் (லீக் இல்லை, அது தனிப் போட்டி) இறுதியாட்டத்தில் லண்டன் ஐரிஷோடு மோதி, கூடுதல் நேரத்திலும் 25–25 என்று சமனாகி, விதிப்படி கோப்பை எங்களுக்கு வந்தது. அதற்கே ஊர் ஆடிப்போனது. இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த ஆட்டம் ஏதோ சாபம் வாங்கியது போல இருக்கிறது. அன்றைக்கு எதிரெதிரே நின்ற இரண்டு கிளப்புகளும் அடுத்த பதின்மூன்று மாதங்களுக்குள் பிரீமியர்ஷிப்பில் இல்லை.

அந்தக் கோடையிலேயே விஷயம் கசிய ஆரம்பித்துவிட்டது. வரி பாக்கி மட்டும் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் என்று வரித்துறை வழக்குப் போட்டது. ஊழியர்களுக்குச் சம்பளம் தாமதமானது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இது நடக்குமா நடக்காதா என்பதே செய்தியானது. மைதானத்துக்குக் காப்பீடு இருக்கிறதா, மருத்துவ ஏற்பாடு இருக்கிறதா, பாதுகாப்புக்கு ஆள் இருக்கிறதா என்று கடைசிவரை இழுபறி.

செப்டம்பர் 24, சனிக்கிழமை. நியூகாசிலோடு ஆட்டம். திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள் காப்பீட்டுக்கும் பணத்துக்கும் ஆதாரம் காட்டாவிட்டால் கிளப் இடைநீக்கம் என்று ஆட்டத்தை நிர்வகிக்கும் இங்கிலாந்து ரக்பி யூனியன் கெடு வைத்திருந்தது. போனவர்கள் எல்லோருக்கும் இது கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்று தெரியும். என் மகனுக்கும் தெரியும். சட்டைக்கு மேல் நீலமும் பொன்னிறமுமாக ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு வந்தான், குளிரே இல்லை.

39–5. வூஸ்டர் ஜெயித்தது.

எண்களைப் பார்த்து சுலபமான ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு முன் இரண்டு ஆட்டங்களிலும் ஐரிஷும் எக்ஸிடரும் எங்களைப் புரட்டி எடுத்திருந்தார்கள். அடுத்த மாதச் சம்பளம் வருமா, வீட்டு வாடகை கொடுக்க முடியுமா என்று தெரியாத ஆட்கள் அன்றைக்கு ஒருவனைப் பிடித்தால் விடாமல் தரையில் சாய்த்தார்கள். கடைசிப் பத்து நிமிடம் ஸ்கோர்போர்டை யாரும் பார்க்கவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒரு வயதான அம்மா, ஆட்டம் முழுக்கப் பின்னல் வேலை செய்பவர், அன்றைக்குப் பையைத் திறக்கவே இல்லை. ஆட்டம் முடிந்து வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது கைதட்டல் நின்றபாடில்லை. கார் நிறுத்துமிடத்தில் வழிகாட்டிய தன்னார்வலர் ஒருவர், நான் கண்ணாடியை இறக்கியதும் “அடுத்த வாரம் பார்ப்போம்” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, அவரே சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை கெடு தாண்டியது, கிளப் இடைநீக்கம், அன்றைக்கே திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. அக்டோபர் 5 அன்று, வீரர்களின் ஒப்பந்தங்களை வைத்திருந்த நிறுவனத்தை உயர்நீதிமன்றம் கலைத்தது. ஒரே நாளில் அத்தனை பேருக்கும் வேலை இல்லை. அக்டோபர் 17 அன்று இரண்டாவது கிளப்பான வாஸ்ப்ஸும் விழுந்தது. ஆறு முறை இங்கிலாந்து சாம்பியன், இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியன். லண்டனிலிருந்து வைகோம்ப், அங்கிருந்து கோவன்ட்ரி என்று இடம்பெயர்ந்து, கோவன்ட்ரி மைதானத்துக்காகக் கடன்பத்திரம் மூலம் 3.5 கோடி பவுண்டு திரட்டி, திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் முடிந்தது. அன்றைக்கு 167 பேருக்கு வேலை போனது.

அப்புறம் முடிவு வந்தது. வூஸ்டரும் வாஸ்ப்ஸும் அதுவரை ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் எல்லாம் ரத்து. பட்டியலிலிருந்து நீக்கம். மகன் கைபேசியில் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடிவிட்டு, “நாம பார்த்த மேட்ச் எங்கப்பா?” என்றான். பதில் சொல்ல வரவில்லை. ஐரிஷ், எக்ஸிடர் ஆட்டங்களும் சேர்ந்துதானே போயின, உங்களுக்கு லாபம்தானே என்று அலுவலகத்தில் ஒருவர் கிண்டலடித்தார். தோல்வியை யாரும் எடுத்துக்கொண்டு போகட்டும், எனக்குக் கவலையில்லை. அந்த 39–5ஐ மட்டும் விட்டிருக்கலாம்.

இங்கே சட்டம் பேச வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலர் எங்களோடு ஆடிவிட்டார்கள், சிலர் ஆடவில்லை, அந்தப் புள்ளிகளை வைத்திருந்தால் மற்றவர்களுக்கு அநியாயம் என்பது எனக்கும் புரிகிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் வேறு வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். 2020–21இல் கொரோனாவால் ஆட்டம் ரத்தானால் ஒரு அணிக்கு 4 புள்ளி, மற்றதுக்கு 2 என்று பங்குபோட்டவர்கள்தான் இவர்கள். ஐபிஎல்லில் கொச்சி டஸ்கர்ஸ் 2011இல் ஒரே சீசன் ஆடிவிட்டுக் காணாமல் போனது. அதன் ஆட்டங்கள் இன்றும் பட்டியலில் இருக்கின்றன. அது சீசன் முடிந்த பிறகு, இது நடுவில் என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு ஸ்கோரையாவது வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஏன் இப்படி வரிசையாக விழுந்தார்கள் என்று அடுத்து கேட்பீர்கள். வரவுக்கு மீறிய செலவுதான், இதில் பெரிய மர்மம் இல்லை. ஒரு கிளப் வீரர்களுக்குக் கொடுக்கலாம் என்ற சம்பள உச்சவரம்பை 64 லட்சம் பவுண்டிலிருந்து 50 லட்சமாகக் குறைத்த பிறகும் வருமானம் அதைத் தாங்கவில்லை. போதாததற்கு லீக்கின் 27 சதவீதப் பங்கை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு 20 கோடி பவுண்டுக்கு ஏற்கெனவே விற்றுத் தின்றாகிவிட்டது. கொரோனாவில் கதவு மூடியது, கடன் ஏறியது. பணக்கார உரிமையாளர் கைவிட்டால் மறுநாள் நிற்க முடியாத கிளப்புகள் இவை. அணிகள் குறைந்ததில் மிச்சம் இருந்தவர்களுக்கும் அடிதான். எங்களையும் வாஸ்ப்ஸையும் சொந்த மைதானத்துக்கு வரவழைக்க வேண்டிய கிளப்புகளுக்கு அந்த டிக்கெட் வசூல் போனது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வேறெங்கே சொல்வது. எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஆண்டு விளையாட்டு விழாவில் பிள்ளைகளுக்கு டச் ரக்பி வைக்கலாமா என்று கேட்டேன். யாரையும் தரையில் சாய்க்காமல், தொட்டாலே போதும் என்று ஆடுகிற ஆட்டம். “அண்ணே, எலும்பு கிலும்பு உடைஞ்சா யார் பதில் சொல்றது?” என்று செயலாளர் தம்பி மறுத்துவிட்டார். அன்றைக்கு மதியம் பெரியவர்களுக்குக் கபடி. அதே தம்பி தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரக்பி வெள்ளைக்காரன் முரட்டு ஆட்டமாம், கபடி நம்ம பாரம்பரியமாம். மகனுக்கு எது பிடிக்கும் என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள், அப்போது தெரியும் அது வெறும் சோப்ளாங்கி அணி இல்லை என்று. டெட் ஹில்லும் ஆலி லாரன்ஸும் பாத் (Bath) கிளப்புக்குப் போனார்கள். ஃபின் ஸ்மித் நார்தாம்ப்டனுக்குப் போனார். 2024 ஜூன் 8 அன்று ட்விக்கனமில் இறுதியாட்டம் யார் யாருக்கு? நார்தாம்ப்டனுக்கும் பாத்துக்கும். நார்தாம்ப்டன் 25–21 என்று வென்றது, அதில் ஆட்டத்தை வழிநடத்தும் பத்தாம் எண் சட்டை ஃபின் ஸ்மித்துடையது. 2025இல் பிரிட்டன், அயர்லாந்தின் சிறந்த வீரர்களைச் சேர்த்து எடுக்கும் பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸ் அணியிலும் இடம்பிடித்தார். வாஸ்ப்ஸின் ஜாக் வில்லிஸ் பிரெஞ்சு கிளப்பான துலூஸுக்குப் போய் அதே 2022–23இல் பிரெஞ்சு சாம்பியன் ஆனார். வேலை போன அதே சீசனில்! வூஸ்டர் ஊர் வளர்த்த பையன்கள் மற்ற ஊர்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுப்பதைத் தொலைக்காட்சியில் பார்ப்பது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். பெருமையும் வயிற்றெரிச்சலும் பாதிப் பாதி.

வூஸ்டர் 2025–26இல் இரண்டாம் அடுக்கில் திரும்ப வந்துவிட்டது. சிக்ஸ்வேஸில் மறுபடி ஆட்டம் உண்டு. வாஸ்ப்ஸுக்கும் ஐரிஷுக்கும் அந்தக் கொடுப்பினை இன்னும் வரவில்லை. ஆகவே நான் புலம்புவதிலும் ஓர் அளவு இருக்கிறது, தெரியும்.

கடைசியாக, “சாரசன்ஸ் ஏமாற்றுக்காரர்கள், சம்பள உச்சவரம்பை மீறியவர்கள்” என்று கீழே எழுத விரல் துடிக்கும் நண்பர்களுக்கு: மீறினார்கள், உண்மை. 53.6 லட்சம் பவுண்டு அபராதம் கட்டினார்கள், 2019–20இல் 105 புள்ளி பறிபோய் இரண்டாம் அடுக்குக்கு இறக்கப்பட்டார்கள், ஒரு வருடம் அங்கே ஆடிவிட்டு மேலே வந்தார்கள். தடை முடிந்து வந்து 2018இல் கோப்பை தூக்கிய சிஎஸ்கேவுக்கு விசில் அடித்தவர்கள் இதில் குறை சொல்ல முடியாது. அதற்கும் மேல் சண்டை போட வேண்டுமென்றால் தனிக் கேள்வியாகப் போடுங்கள், அங்கே வருகிறேன். இந்தக் கேள்விக்கு என் பதில், கோப்பை செல்லும். 39–5உம் செல்லும்.