பிடித்த தொடரில் புதுப் பாகம் வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சுமா?

அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்றின் புதுப் பாகத்துக்காகக் காத்திருந்து, கையில் கிடைத்ததும் ஏமாந்த அனுபவம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் முதல் அறுபது பக்கம் வரைக்கும்தான். அதுவும் தப்பு என் பேரில்.

மார்த்தா வெல்ஸ் எழுதும் 'மர்டர்பாட் டைரீஸ்' தொடரைச் சொல்கிறேன். பாதி இயந்திரம், பாதி உயிர்த்தசை கொண்ட, தனக்கு மர்டர்பாட் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பாதுகாவல் யூனிட், தன்னைக் கட்டிப்போட்டிருக்கும் மாட்யூலை ரகசியமாக உடைத்துவிடுகிறது. விடுதலை கிடைத்ததும் அது செய்யும் வேலை? சீரியல் பார்ப்பது. 2017இல் வந்த முதல் குறுநாவல் தொடங்கும்போதே கிட்டத்தட்ட 35,000 மணிநேரம் பார்த்துத் தள்ளியிருக்கிறது. மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேசினால் அதற்குக் கூசும். 'அவன்', 'அவள்' எதுவும் வேண்டாம், 'அது' போதும் என்கிற ஆசாமி. அஃறிணை என்று நம் இலக்கணம் தனியே இடம் ஒதுக்கியிருப்பது தெரிந்தால் சந்தோஷப்படும்!

நான் காத்திருந்த பாகமான, 2023இல் வந்த 'சிஸ்டம் கொலாப்ஸ்', 2020இல் வந்த 'நெட்வொர்க் எஃபெக்ட்' முடிந்த கையோடு தொடங்குகிறது. நானோ மூன்று வருஷத்தில் பாதியை மறந்திருந்தேன். எந்தக் கிரகம், யார் இந்த ஐரிஸ், தானே யோசித்துப் பேசும் அந்த விண்கப்பலுக்கு ஏன் இவ்வளவு கோபம், ஒன்றும் பிடிபடவில்லை. மூடி வைத்துவிட்டு முந்தைய நாவலைத் திரும்பப் படித்தேன். அப்புறம் இதை எடுத்தபோது இரண்டே இரவில் முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது சண்டைகள் இல்லை. சொல்லக் கூசும் ஒரு சம்பவம் வரும் இடத்திலெல்லாம் மர்டர்பாட் 'நீக்கப்பட்டது' என்று போட்டுவிட்டுக் கடந்து போகிறது. கதை சொல்பவரே நம்மிடம் மறைக்கிறார், அதையும் ஒளிக்காமல் மறைக்கிறார். முந்தைய பாகங்களில் எந்த ஆபத்திலும் நக்கலாகப் பேசிய குரல் இங்கே தடுமாறுகிறது. என்ன நடந்தது என்பதைச் சொல்லமாட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லலாம், படிக்கும் சுவை கெடாது. அந்தக் கிரகத்துக் குடியேறிகளை ஒப்பந்தக் கூலிகளாக அள்ளிக்கொண்டு போக ஒரு நிறுவனம் காத்திருக்கிறது. வந்திருப்பவர்களில் யாரை நம்புவது என்று குடியேறிகளுக்குத் தெரியவில்லை. அவர்களுக்குப் புரியவைக்க நம் ஆளும் கப்பலும் கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஆவணப்படம் எடுக்கிறார்கள். இத்தனை வருஷம் சீரியல் பார்த்தது வீண்போகவில்லை! அந்த அத்தியாயத்தை உடனே இன்னொரு தடவை படித்தேன்.

குறை? நடுவில் சுரங்கம் சுரங்கமாக நடக்கும் பகுதி கொஞ்சம் இழுவை. வில்லன்களும் ஆள் ஆளாக மனதில் நிற்கவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் இதிலிருந்து தொடங்காதீர்கள், தலையும் புரியாது வாலும் புரியாது. முதல் நான்கும் குறுநாவல்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவு போதும். 2021இல் வந்த 'ஃப்யூஜிட்டிவ் டெலிமெட்ரி' கதைப்படி 'நெட்வொர்க் எஃபெக்ட்'டுக்கு முந்தையது. அதை முன்னால் படித்துவிட்டு, 'நெட்வொர்க் எஃபெக்ட்', 'சிஸ்டம் கொலாப்ஸ்' இரண்டையும் இடைவெளி விடாமல் படியுங்கள்.