மியூசிக்கல் தியேட்டர் படிக்க ஆசைப்படற, மார்க்கும் நல்லா எடுக்கிற பிள்ளைக்கு அமெரிக்காவுல பேலன்ஸ்டு காலேஜ் லிஸ்ட்னா என்ன?

கிடைக்கிறது கஷ்டம், கிடைக்கலாம், கண்டிப்பா கிடைக்கும், இந்த மூணு வகை காலேஜும் கலந்து அப்ளை பண்றதுதான் பேலன்ஸ்டு லிஸ்ட். ஆனா மியூசிக்கல் தியேட்டர், அதாவது பாட்டு, டான்ஸ், நடிப்பு மூணும் சேந்த நாடகம், அதுல பி.எஃப்.ஏ-வுக்கு (கலைப் பயிற்சியே முக்கியமா இருக்கிற டிகிரி) வெறும் மார்க்க வச்சு இந்த கணக்கு போட முடியாது, ஏன்னா மார்க் வாசல் வரைக்கும்தான் வரும், உள்ள விடறது ஆடிஷன். மிச்சிகன், கார்னகி மெலன் மாதிரி யுனிவர்சிட்டில வருஷத்துக்கு எடுக்கிறதே ரொம்ப கொஞ்ச பேர், மொதல்ல வீடியோ அனுப்பணும், அதுல தேறினா பாட்டுல ஒரு சின்ன துண்டு, ஒரு மோனோலாக் (தனியா ஒருத்தரே பேசி நடிக்கிற வசனம்), டான்ஸ்னு மறுபடி பாப்பாங்க, அதுலயும் உங்க பிள்ளை குரல் மாதிரியே ரெண்டு பேர் ஏற்கனவே அந்த பேட்ச்ல இருந்தா நல்லா பாடினாலும் சீட் போயிடும். தயவுசெஞ்சு அத திறமை இல்லைன்னு எடுத்துக்காதீங்க.

தீபாவளிக்கு ஊருக்குப் போக நாலு டிக்கெட்டும் வெயிட்டிங் லிஸ்ட்லயே போட்டா எப்படி? ஒண்ணாவது கன்ஃபர்ம் ஆகியிருக்கணும்ல, அந்த கன்ஃபர்ம் டிக்கெட்தான் ஆடிஷன் இல்லாத பி.ஏ தியேட்டர், அங்க மார்க்குக்கு முழு மதிப்பு உண்டு, ஸ்காலர்ஷிப்பும் வரலாம். நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டிலயும் தியேட்டர் மேஜர்ல சேர ஆடிஷன் இல்ல, ஆனா அங்க அட்மிஷனே கஷ்டம், அத கன்ஃபர்ம் டிக்கெட் கணக்குல சேக்காதீங்க.

பி.ஏ படிச்சா பிராட்வே, அதாவது நியூயார்க்கோட பெரிய நாடக மேடைகளுக்கு, போக முடியாதுன்னு நிறைய பேர் நம்பறாங்க, அது தப்பு, ரோல் குடுக்கிறவங்க டிகிரி பேர பாத்து குடுக்கறதில்ல, எதிர்ல நின்னு பாடறத கேட்டுத்தான் குடுக்கறாங்க.