விளைநிலம் மனையாகாமல் காக்க: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நகரம் தங்கள் வரப்பு வரை வந்துவிட்ட சிறு விவசாயக் குடும்பங்கள் எழுதியவை. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: கட்டட உரிமையை மட்டும் விற்றால் நிலம் எங்கள் பெயரிலேயே இருக்குமா?

இருக்கும். உழலாம், குத்தகைக்கு விடலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மனையாகப் பிரிக்க மட்டும் முடியாது. அந்தத் தடை உங்களுக்குப் பின் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். நிலத்தை விட்டுவிட்டு, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் அரசு விலைக்கு வாங்கும் இந்த முறையை அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் மாவட்டம் 1974-இல் தொடங்கியது. மனையாக விற்றால் கிடைக்கும் விலைக்கும் விளைநிலமாகவே விற்றால் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமே உங்களுக்குத் தரப்படும் தொகை. களஞ்சியம், தொழுவம், குடும்பத்துக்கான வீடு ஆகியவற்றுக்கு இடம் உண்டா என்பது பத்திரத்திலேயே இருக்க வேண்டும். வாய்மொழி உறுதி நிலத்தோடு வராது, எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் நிலத்தை எடுக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். எப்படித் தடுப்பது?

எந்த நாடு, எந்தத் திட்டம், எந்தச் சட்டத்தின் கீழ், அறிவிப்பு வெளியான தேதி என்ன என்ற நான்கில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. இவை இல்லாமல் எழுதாதீர்கள் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆட்சேபக் காலம் அறிவிப்புத் தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தில் அது 60 நாள்கள். பாசன வசதியுள்ள இருபோக, முப்போக நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. ஆனால் நெடுஞ்சாலை, இருப்புப்பாதை, மின்பாதை போன்ற நீளவாக்கிலான திட்டங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. திட்டத்தின் பெயரைக் கேட்பது இதற்காகத்தான்.

கேள்வி: இரண்டு ஏக்கரைக் காப்பாற்றி உலகத்துக்கு என்ன பயன்?

உலகில் ஏறக்குறைய 60 கோடிப் பண்ணைகள் உள்ளன. அவற்றில் ஆறில் ஐந்து, 2 ஹெக்டேருக்கும் குறைந்தவை. மொத்த விளைநிலத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, அவை உலக உணவில் மூன்றில் ஒரு பங்கை விளைவிக்கின்றன.

கேள்வி: எங்கள் பகுதி விவசாய மண்டலமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. இனிக் கவலையில்லைதானே?

கவலை குறையும், தீராது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 1973-இல் ஏறக்குறைய 47 லட்சம் ஹெக்டேரைக் காப்பு நிலமாக்கியது. அத்தகைய எல்லைக்கோடு எத்தனை உறுதியானது என்பதை, விதிவிலக்கு கேட்டு வரும் மனுக்களுக்கு அதிகாரிகள் தரும் பதிலே காட்டும். ஒவ்வொரு மனுவும் தனித்தனியே பார்த்தால் சிறியதாகத்தான் தெரியும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மாண்ட்கோமரி மாவட்டம் 1980-இல் 93,000 ஏக்கரை ஒதுக்கி, 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று வரையறுத்தபோது, 5 ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் விற்கத்தக்க கட்டட உரிமைகளை விவசாயிகளுக்குத் தந்தது. நகர்ப்பகுதியில் கூடுதலாகக் கட்ட விரும்பியவர்கள் அவற்றை வாங்கினார்கள். இழப்பை ஈடுசெய்யாமல் வரைந்த கோட்டை, அதற்குள் இருக்கும் விவசாயியே ஒருநாள் எதிர்ப்பார்.

கேள்வி: தந்தை உயில் எழுதாமல் காலமானார். நாங்கள் ஐவர், நான் மட்டுமே பயிர் செய்கிறேன். ஒருவர் தம் பங்கை மனை நிறுவனத்துக்கு விற்கப்போவதாகச் சொல்கிறார்.

இத்தனை ஆண்டுகளில் என்னை மிகவும் வருத்திய கடிதங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. நிறுவனங்களையும் அரசையும் எதிர்த்துப் போராடத் துணிந்த குடும்பங்கள்கூட, தந்தை உயிரோடு இருக்கும்போதே நிலத்தின் எதிர்காலத்தை உட்கார்ந்து பேசத் தயங்குகின்றன. அவர் மறைந்த பின் அந்தத் தயக்கத்தின் முழுச் சுமையும் உழுதுகொண்டிருக்கும் பிள்ளையின் தலையில் விழுகிறது. பிரிக்கப்படாத சொத்தில் ஒரே ஒரு பங்கை வாங்கியவர், பாகப்பிரிவினை கோரி வழக்குத் தொடுக்கலாம். நிலத்தைச் சீராகப் பிரிக்க இயலாது என்று நீதிமன்றம் கருதினால் முழு நிலமும் ஏலத்துக்குப் போகலாம். அந்த ஏலத்தில் பணம் வைத்திருப்பவர் பெரும்பாலும் அந்த ஒரு பங்கை வாங்கியவராகவே இருப்பார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்த நிலத்தில் கணிசமான பகுதி இவ்வாறுதான் கைவிட்டுப் போனது. அதைத் தடுக்க 2010-இல் ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டது: நிலத்தை விற்கக் கோரி வழக்குத் தொடுத்தவரின் பங்கை, நீதிமன்றம் மதிப்பிட்ட விலையில் மற்ற பங்காளிகள் முதலில் வாங்கிக்கொள்ளலாம். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதை ஏற்றுள்ளன. இந்தியாவில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு உடன் வாரிசுகளுக்கு இத்தகைய முன்னுரிமை தருகிறது. அது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

நீங்கள் செய்யவேண்டியது அவசரமானது. சகோதரர் கையெழுத்திடும் முன், அவர் பங்கை வாங்க விரும்புவதை எழுத்தில் தெரிவியுங்கள். ஒரே தவணையில் பணம் தர முடியாவிட்டால் ஆண்டுத் தவணை கேளுங்கள்; அதையும் பதிவு செய்யுங்கள். அவர் மீது கோபப்படாதீர்கள்: அந்த நிலத்திலிருந்து இதுவரை ஒரு காசுகூடப் பார்க்காதவர் தம் பங்கைக் கேட்பது தவறல்ல. இதைப் படிக்கும், பெற்றோர் இன்னும் உயிரோடிருக்கும் வாசகர்கள் இந்த மாதமே அவர்களோடு பேசுங்கள். பேசியதை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை. நிலம் ஒரு விவசாயியிடமே சேர வழியுண்டா?

நாட்டைப் பொறுத்தது. பிரான்சில் 1960-இல் உருவான சஃபேர் அமைப்புகளுக்கு விளைநில விற்பனைகள் முன்கூட்டியே தெரிவிக்கப்படுகின்றன. தேவையானால் அவையே முந்தி வாங்கி விவசாயிகளுக்குக் கைமாற்றும். அங்கேயே 2003-இல் தொடங்கிய தெர் த லியான் அமைப்பு, பொதுமக்களின் சேமிப்பைத் திரட்டி நிலம் வாங்கிக் குத்தகைக்குத் தருகிறது. இவை எதுவும் இல்லாத இடத்தில், நிலம் தேடும் இளம் விவசாயி ஒருவருக்கு நீண்டகாலக் குத்தகை தந்து, அதிலேயே வாங்கும் முன்னுரிமையையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்குள் விரும்பினால் வாங்கிக்கொள்வதாக ஒருவர் முன்பணம் தருகிறார். வாங்கலாமா?

அவர் விரும்பினால் வாங்குவார், விரும்பாவிட்டால் போவார். நீங்களோ மூன்று ஆண்டும் கட்டுப்பட்டிருப்பீர்கள். அதற்குள் நில மதிப்பு இரு மடங்கானாலும் பேசிய விலைக்கே கொடுக்க வேண்டும். விற்கும் எண்ணம் இல்லையென்றால் பணத்தைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பெற்றிருந்தால், ஒப்பந்த நகலோடு இன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.